செங்கல் ஐந்தும் நலம்

சுவர் முதலில் இரண்டு விரல்தான் சாய்ந்திருந்தது. தையற்காரி அதை அளந்தே வைத்திருந்தாள். அளவெடுப்பதுதானே அவள் பிழைப்பு! சுவரின் உச்சியில் நூலைப் பிடித்து, நுனியில் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டால், கீழே சுவருக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. மறுவாரம் மூன்று விரல். அதற்கடுத்த வாரம் உள்ளங்கையே தாராளமாக நுழைந்து வெளியே வந்தபோது அவள் பயந்துவிட்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? அந்தச் சுவருக்குக் கீழேதான் மாமனாரின் கட்டில். இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தார் மனிதர். உடம்பில் அசைவது வாய் மட்டும்தான். அது ஒரு நிமிடம் சும்மா இருக்காது. வீட்டில் இருப்பதே இரண்டு அறை. முன்னறை முழுக்கத் தையல் மெஷின், வெட்டும் மேஜை, ஊரார் துணி. கட்டிலை அங்கே கொண்டுவந்தால் மெஷின் தெருவுக்குப் போக வேண்டும். மெஷின் தெருவுக்குப் போனால் அடுப்பு எரியாது. கணவனோ எங்கோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தெருமுனைக்கு ஓடிப்போய் நின்று பேசினால், "பாத்துக்கோ, பாத்துக்கோ" என்பான். அவனும்தான் அங்கிருந்து என்ன செய்வான்?

சுவரை இடித்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். அது அவள் சுவர் இல்லையே! பின்னால் இருப்பது பொதுச்சுவர் பராமரிப்புத் துறையின் பழைய கிடங்கு. உயரமான தகரக் கூரையும் இரும்பு அலமாரிகளுமாக நிற்கிற அந்தக் கிடங்கின் சுவரைத்தான் ஒன்பது வீடுகள் தங்கள் பின்சுவராக வைத்துக்கொண்டிருந்தன. 'துறைச் சுவரைத் தொடுவது குற்றம்' என்று அவள் வீட்டுக்குள்ளேயே, மாமனாரின் தலைக்கு மேலே, சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் மாமனார் இந்தச் சுவருக்காக வருடம் தவறாமல் மனு எழுதிக் கொடுத்தவர். ஒன்றுக்காவது பதில் வர வேண்டுமே, மூச்.

அவளும் ஒரு மனு எழுதிக்கொண்டு, பஸ் பிடித்து, துறையின் அலுவலகத்துக்குப் போனாள். பிரிவு அதிகாரியின் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர். பேனர் முழுக்க அதே அதிகாரியின் சிரித்த முகம். கீழே 'கம்பியும் இல்லை, காகிதமும் இல்லை' என்று எழுதியிருந்தது. பேனரில் சிரித்தவர் நாற்காலியில் சிரிக்கவில்லை. அவள் நீட்டிய தாளைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"மனு சார். எங்க வீட்டுப் பின்சுவர் சாஞ்சுகிட்டே வருது. கீழ எங்க மாமா படுத்திருக்காரு. எழுந்து ஓடக்கூட முடியாது அவரால."

"அதைக் கேக்கலம்மா. கைல என்ன? பேப்பர்! இந்தக் காலத்துல போய்ப் பேப்பரைத் தூக்கிட்டு வர்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார். "இங்க இப்ப எல்லாம் கம்பியில்லா முறை. நம்ம ஆள் கேமராவோட வருவார். ஒரு படம் எடுப்பார். படம் கேமராலருந்து காத்துலயே அவர் போனுக்குத் தாவும். போன்லருந்து மொபைல் நெட்ல தலைமையகத்துக்குப் போகும். தலைமையகம் பாக்கும், ஆர்டர் போடும். நடுவுல மனுஷன் கையே படாது. மனுஷன் கை படாத இடத்துல தப்பு நடக்க வாய்ப்பே இல்ல, பாருங்க."

"சந்தோஷம் சார். அப்புறம் சுவரை யார் வந்து கட்டுவாங்க?"

"அது அடுத்த கட்டம். அடுத்த கட்டத்தப் பத்தி இன்னும் சுற்றறிக்கை வரல."

அவள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். மாமனார் அன்றைக்கே அந்த அதிகாரிக்குச் 'சுற்றறிக்கை' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் தெருவெல்லாம் ஒட்டிக்கொண்டது.

பத்து நாள் கழித்துப் படக்காரர் வந்தார். துறையில் அவருக்குக் கம்பியில்லாப் பட அலுவலர், இரண்டாம் நிலை என்று பதவி. கழுத்தில் துறையின் கனத்த கேமரா, கையில் சொந்த போன். நல்ல மனிதர்தான். ஆனால் யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பதுபோல அடிக்கடி திரும்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்ததும், "ஐயையோ அக்கா, இது ரொம்பச் சாஞ்சிருக்கே!" என்று பதறினார். சடசடவென்று நாலு படம் எடுத்தார். கேமராவிலிருந்து போனுக்குப் படம் தாவியது. போனிலிருந்து மேலே போக வேண்டியதுதான் பாக்கி. அங்கே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

படக்காரர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முக்காலியில் ஏறினார். வெட்டும் மேஜையில் ஏறினார். கடைசியில் கட்டிலின் தலைமாட்டில் ஒரு காலை வைத்தார்.

"தம்பி, கூச்சப்படாம என் நெஞ்சு மேல ஏறி நில்லு. இன்னும் ஓரடி உசரம் கிடைக்கும்," என்றார் மாமனார்.

"தெருமுனைக்கு வாங்க. நூறடிதான். அங்க சிக்னல் பிச்சுக்கிட்டு அடிக்கும்," என்றாள் அவள்.

"முடியாதுக்கா. படம் எடுத்த இடமும் ஏத்தின இடமும் ஒண்ணா இருக்கணும். மாறினா, 'சுவர் ஏன் தெருமுனைக்கு வந்துச்சு'ன்னு தலைமையகம் விளக்கம் கேக்கும். எனக்கு ஏற்கெனவே ரெண்டு விளக்கம் பாக்கி இருக்கு."

"சரி, என் போன்ல எடுத்து அனுப்பறேன்."

"போன்ல எடுத்தா அது வெறும் போட்டோக்கா. துறைக் கேமரால எடுத்தாத்தான் படம்."

"அட, அப்போ அந்தக் கேமரா கார்டைக் கழட்டிப் பைல போட்டுட்டுப் போய், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போடுங்களேன்! பஸ்ல இருபது நிமிஷம்தானே?"

படக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தமாச் சொல்லாதீங்கக்கா. கார்டுங்கறது ஒரு பொருள். பொருளைக் கைல கொண்டுபோனா அது கம்பியில்லா முறை ஆகாது. போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் கொண்டுபோனார். இப்ப அவர் ஆபீஸ் கேட்டைத் திறந்து மூடிட்டிருக்கார். கம்ப்யூட்டர்ல கார்டு போடற ஓட்டைய அரக்கு வெச்சு சீல் பண்ணிட்டாங்க."

தையற்காரிக்குத் தலை சுற்றியது. தான்தான் முட்டாளோ, ஊர் உலகத்துக்குப் புரிந்தது தனக்கு மட்டும் புரியவில்லையோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

படக்காரர் மறுபடி மறுபடி வந்தார். வாரம் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும் என்று விதி. எடுத்த படங்கள் எல்லாம் போனில் வரிசை கட்டி நின்றன, ரேஷன் கடை போல. ஒருநாள் கூரை மேல் ஏறி நின்றபோது மினுக்கென்று ஒரு கோடு சிக்னல் வந்தது. "வந்துடுச்சுக்கா!" என்று அங்கிருந்தே கத்தினார். ஆனால் அதற்குள் அவருடைய நெட் தீர்ந்து போயிருந்தது.

"காலைல எட்டு மணிக்கா தீந்துபோச்சு?" என்று கேட்டாள் அவள்.

"ஏன் தீராது? வீட்ட விட்டுக் கிளம்பின படம், பஸ்ல உக்காந்த படம், கேமராவை வாங்கின படம், வாங்கின கேமராவோட நான் நிக்கற படம்... எல்லாத்தையும் வேலைக்கு வந்ததுக்குச் சாட்சியா நான் என் சொந்த நெட்ல ஏத்தணும். வேலைக்கு வந்தேன்னு நிரூபிச்சு முடிக்கறதுக்குள்ள நெட் காலி. அப்புறம் வேலைய எதை வெச்சுப் பாக்கறது?" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அவள்தான் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

கத்தரிக்கோல் இப்போது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கியது. மாமனாரின் போர்வையில் தினமும் காரை உதிர்ந்தது. அவள் காலையில் முதல் வேலையாக அதைத் தட்டிவிட்டு, அவர் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், நூலும் கத்தரிக்கோலுமாகவே அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

"சார், இத்தனை! இத்தனை சாஞ்சிருக்கு!" என்று கையை விரித்துக் காட்டினாள். "உங்க படம் போறதுக்குள்ள எங்க மாமா போயிடுவார் சார்!"

சுற்றறிக்கை அசையவில்லை. "உணர்ச்சிவசப்படாதீங்க. ஒண்ணு புரிஞ்சுக்கங்க. சுவர் விழறது விழாதது எங்க கைல இல்ல. படம் போறது மட்டும்தான் எங்க கைல இருக்கு. அதையும் நாங்க விட்டுட்டா அப்புறம் இந்தத் துறை எதுக்கும்மா? உங்களுக்காக நானே வரேன், போங்க."

சொன்னபடி வந்தார். அதற்கென்ன குறை! இரண்டு வண்டி, ஆறு ஆட்கள், இருபதடி மூங்கில் கம்பு. அந்தப் பெரிய பேனரையும் கழற்றிக் கொண்டுவந்து, அவள் வாசலை மறைத்து இழுத்துக் கட்டினார்கள். அன்று முழுவதும் துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கடை மூடிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

போனைக் கம்பின் உச்சியில் கட்டித் தூக்கினார்கள். உச்சியில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. ஆனால் 'ஏற்றலாமா?' என்று போன் கேட்கும்போது யாராவது விரலால் அழுத்த வேண்டும். அழுத்துவதற்குக் கம்பை இறக்கினால் சிக்னல் போய்விட்டது. தூக்கினால் கேள்வி கேட்டது. இப்படி ஏற்றுவதும் இறக்குவதுமாகவே முற்பகல் முழுக்கப் போனது. தெருவே வேடிக்கை பார்த்தது.

கடைசியில் சுற்றறிக்கை நெற்றியைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் கையமர்த்தினார். "யோசிங்கய்யா. சிக்னல் சுவர்கிட்ட வராது. சுவர் சிக்னல்கிட்ட வராது. ஆனா சுவர்ங்கறது என்ன? செங்கல். செங்கல் வரும்ல?"

ஆட்களுக்குச் சட்டென்று புரிந்தது. தையற்காரிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அதற்குள் இரண்டு பேர் கடப்பாரையோடு பின்னறைக்குள் போய்விட்டார்கள்.

"சார், சார்! என்ன பண்றீங்க? அடியிலருந்தா உருவறாங்க? இருக்கறதே உசுரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது சார்!"

"மேல இருந்து எடுத்தா மேலோட்டமா இருக்கும்மா. எதையும் அடியிலருந்து ஆராயணும்னு தெளிவாச் சுற்றறிக்கை இருக்கு."

"தொட்டா குற்றம்னு நீங்கதான சார் எழுதி வெச்சிருக்கீங்க!"

"நீங்க தொட்டாத்தான் குற்றம். நாங்கதான்மா துறை."

சுவரின் அடியிலிருந்து வரிசையாக ஐந்து செங்கல் உருவினார்கள். மாமனார் கட்டிலிலிருந்து அத்தனை பேரின் பரம்பரையையும் இழுத்து வைத்துத் திட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செங்கற்களைத் தெருமுனைக்குத் தூக்கிப்போய், தூசி தட்டி, ஒன்று, இரண்டு என்று சீட்டு ஒட்டி, அவளிடமே வெள்ளைத் துணி வாங்கி விரித்து, அதன்மேல் அடுக்கினார்கள். படக்காரர் தலையைக் குனிந்துகொண்டே படம் எடுத்தார். எடுத்த இடமும் தெருமுனை, ஏற்றிய இடமும் தெருமுனை. கண் மூடித் திறப்பதற்குள் படம் போய்விட்டது. சுற்றறிக்கை கைதட்டினார், ஆட்களும் தட்டினார்கள். செங்கற்களைச் சாட்சியம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேனரை அவிழ்க்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. படக்காரர்தான் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே, நிமிர்ந்து பார்க்காமல், போனிலிருந்து படித்தார்.

"அனுப்பிய படம் பரிசீலிக்கப்பட்டது. செங்கல் ஐந்தும் நலம். விரிசலோ சாய்வோ தென்படவில்லை. பராமரிப்பு தேவையில்லை. கோப்பு முடிக்கப்பட்டது."

உள்ளேயிருந்து மாமனார், "செங்கலுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையாமா? நல்லதாப் போச்சு," என்றார்.

தையற்காரி அதற்குச் சிரிக்கவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை. இரண்டு மாதமாக அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய தன் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. விடுவிடுவென்று முன்னறைக்குள் போனாள். மேஜையின் மேலிருந்த துணிமூட்டையை வாசலில் எறிந்தாள். "தூக்குங்க. நெட் வேணாம், கைதான் வேணும்," என்று படக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

படக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். இருவருமாக மெஷினைத் தெருவில் இறக்கி, பேனரின் நிழலில் வைத்தார்கள். மேஜையையும் இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் வலியில் அலறிக்கொண்டே முன்னறைக்கு வந்து சேர்ந்தார். அன்று முழுக்க அவள் தெருவில் உட்கார்ந்துதான் தைத்தாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சுவர் விழுந்தது.

பெரிய சத்தம்கூட இல்லை. உருவிய ஓட்டைக்கு மேலே வயிறு போல ஒருமுறை புடைத்தது, அவ்வளவுதான். கட்டில் கிடந்த இடத்தில் இடுப்பளவு செங்கல் குவிந்தது. அவள் வீட்டுப் பங்குச் சுவர்தான் போனது. அதோடு கிடங்கின் தகரக் கூரையும் இரும்பு அலமாரிகளும் பின்பக்கமாகச் சரிந்தன. எல்லாம் விழுந்து முடிந்த பிறகும் ஏதோ சரசரவென்று வந்துகொண்டே இருந்தது. தூசி அடங்கிய பின் பார்த்தால், காகிதம்! கட்டுக்கட்டாக, மூட்டை மூட்டையாக, கூரை உயரத்துக்குப் பழைய காகிதம். காகிதமில்லா முறை வந்ததும் ஊரின் மனுக்களையெல்லாம் கொண்டுவந்து இந்தச் சுவரின் மேல்தான் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாளும் சுவரை நெட்டித் தள்ளியது அந்தப் பாரம்தான்.

அவள் ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையான எழுத்து. அடுத்ததும் அதே எழுத்து. தூசியைத் தட்டிவிட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நான் எழுதினதுதான். சுவர் மனு," என்றார். "பதிலே வரலைன்னு இத்தனை வருஷமாத் திட்டிட்டிருந்தேன். பாவம், இப்ப வந்துடுச்சு." சொல்லிவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் நேத்து நகத்தலன்னா நான் இந்நேரம் அதுக்கு அடியிலம்மா," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் அழுதாள்.

விஷயம் கேள்விப்பட்டுப் படக்காரர், வேலைக்கு வந்த சாட்சிப் படம் ஒன்றுகூட ஏற்றாமல், ஓடிவந்தார். இடிபாட்டுக்கு நடுவே நின்று "மாமா எங்கக்கா? மாமா எங்க?" என்று அவர் கேட்கும்போதே பையிலிருந்த போன் கத்த ஆரம்பித்தது. ஒரு சத்தம், இரண்டு சத்தம், பிறகு விடாமல். எடுத்துப் பார்த்தார். முழு சிக்னல்! 'ஏற்றலாமா?' என்று போன் கேட்டது; பழக்க தோஷத்தில் அழுத்திவிட்டார். மறைத்துக்கொண்டிருந்த தகரமும் இரும்பும் விழுந்துவிட்டன அல்லவா? இரண்டு மாதமாக வரிசையில் நின்ற அறுபத்தெட்டுப் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துகொண்டிருந்தன. எடுத்த இடமும் அதே, ஏற்றிய இடமும் அதே.

அரை மணி நேரத்தில் சுற்றறிக்கை வந்து இறங்கினார். செங்கல் குவியலின் மேல் ஏறி வந்து படக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் போயிடுச்சுய்யா! ஒண்ணு பாக்கி இல்ல! சிக்னலே இல்லாத இடத்துலருந்து அறுபத்தெட்டுப் படம். நம்ம துறை சரித்திரத்துலயே இல்ல!" என்றவர் தையற்காரியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் நல்ல சேதிம்மா. தலைமையகம் படத்தப் பாத்துப் பதறிப்போச்சு. 'சுவர் அபாயமாச் சாஞ்சிருக்கு, மூணு நாள்ல பராமரிக்கவும்'னு ஆர்டர் போட்டாச்சு!"

"அப்போ மூணு நாள்ல கட்டிடுவீங்களா சார்?"

"கட்டறதா? பராமரிக்கத்தான்மா ஆர்டர். பராமரிக்கறதுக்குச் சுவர் வேணும்ல?" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். "இல்லாத சுவரை நாங்க எப்படிப் பராமரிக்க முடியும், நீங்களே சொல்லுங்க. இப்ப என்ன சிக்கல்னா, படத்துல சுவர் இருக்கு, இடத்துல இல்ல. எங்க போச்சுன்னு நீங்க ஒரு விளக்கம் குடுக்க வேண்டியிருக்கும். பேப்பர்ல வேணாம். அது கிடக்கட்டும், இப்படி வந்து நில்லுங்க. வெற்றிப் படம் ஒண்ணு எடுத்துடுவோம். பயனாளி கொஞ்சம் சிரிச்சா நல்லாருக்கும்."

பயனாளி சிரிக்கவில்லை. நேரே வாசலுக்குப் போனாள். பேனரின் நாலு மூலைக் கயிற்றையும் கத்தரிக்கோலால் நறுக்கினாள். தெருவில் கிடந்த மெஷினில் உட்கார்ந்து, ஓரத்தை இரண்டாக மடித்து, கெட்டித் தையல் போட ஆரம்பித்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது. நான்கு புறமும் அளவு பார்த்து மடித்துத் தைத்தாள். பின்னறைக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் அளவு.

"அம்மா! அது துறைச் சொத்து!" என்று அலறிக்கொண்டு வந்தார் சுற்றறிக்கை.

"படம் எடுத்து அனுப்புங்க சார். இப்பதான் சிக்னல் பிரமாதமாக் கிடைக்குதே," என்றாள் அவள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுற்றறிக்கை படக்காரரைப் பார்த்தார். படக்காரர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "நெட் தீந்துபோச்சு சார். அறுபத்தெட்டும் போச்சுல்ல?" என்றார். சொல்லிவிட்டுச் சுத்தியல் தேடப் போனார்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேருமாகப் பேனரைப் பின்னறைக்குத் தூக்கிப்போய், விழாமல் நின்ற உத்தரத்தில் விரித்துப் பிடித்தார்கள். துணி காற்றில் படபடத்தது.

"மாமா, மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்?" என்று அங்கிருந்தே கேட்டாள் அவள்.

"வெளிப்பக்கம் திருப்பும்மா!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ஒன்பது மாசமா அவன் சுவரையே பாத்துட்டுக் கிடந்தேன். இனிமே அவன் கொஞ்சம் மழையப் பாக்கட்டும்."

அவள் பேனரைத் திருப்பி, சிரிக்கிற முகத்தின் நெற்றிக்கு நடுவே முதல் ஆணியை வைத்து, ஓங்கி அடித்தாள்.